வள்ளியின் பிறந்த வீடு

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். சவுதி அரேபியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிற அப்ஹா நகரத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏப்ரல் மாதத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே பனிமூட்டம் இறங்கியது. "சவுதிக்கு எதுக்கு ஸ்வெட்டர்?" என்று லண்டனில் சிரித்த என் கணவர், சித்தப்பாவின் பழைய சால்வையைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டார். குரங்குக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. நம்மூர்க் குரங்கு இல்லை. தோளில் சாம்பல் நிறப் பிடரி தொங்கும் பபூன் குரங்குகள். கொடைக்கானல் போலவே இங்கேயும் கார் கண்ணாடியை இறக்கினால் சிப்ஸ் பாக்கெட் போய்விடும்.

சித்தப்பா பக்கத்து ஊரான கமீஸ் முஷைத்தில் 22 வருஷமாக ஏசி மெக்கானிக். "நான் ஊருக்குத் திரும்புறதுக்குள்ள ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்கம்மா" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். முன்பெல்லாம் விசா பெரிய பாடு. 2019 செப்டம்பரில் சுற்றுலா இ-விசா வந்த பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் லீவுக்கு எங்களை அசீர் மலைக்கு இழுத்து வந்தது சித்தப்பா இல்லை, வள்ளி.

வள்ளி என்பது ரெடிங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறை மூலையில் வாழும் பெண் பச்சோந்தி. மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. நாய் கேட்டாள், கிடைக்கவில்லை. பூனை கேட்டாள், எனக்கு அலர்ஜி. ஒரு வருஷம் விடாமல் படித்து, சொந்தமாக ஒரு நோட்டில் குறிப்பெடுத்து, கடைசியில் பச்சோந்தியில் வந்து நின்றாள். இங்கிலாந்தில் இந்த இனத்தை ஏமன் பச்சோந்தி என்பார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா அதை ஒரே தடவை கேட்டுவிட்டு, "எமன் பச்சோந்தியா? அதைப் போய் வீட்டுக்குள்ள வைப்பாங்களா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏமன் ஒரு நாடு என்று நிலா உலக உருண்டையைச் சுற்றிக் காட்டினாள். அதன் விரல் பக்கத்திலேயே சித்தப்பா இருக்கிற இடமும் வந்தது. ஏமனின் மேற்கு மலைகளும் சவுதியின் அசீர் மலைகளும் ஒரே தொடர்ச்சி. இந்தப் பச்சோந்தியின் சொந்த ஊர் அந்தத் தொடர்தான். "அப்போ வள்ளியோட அம்மா வீடு தாத்தா வீட்டுக்குப் பக்கத்துலயா?" என்றாள் நிலா. மலைக்காரி என்பதால்தான் வள்ளி என்று பேர் வைத்திருந்தோம். இப்போது மலைக்கு விலாசமும் கிடைத்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. வள்ளிக்கு அப்போது ஆறு மாசம். இந்த இனத்துப் பெண் ஐந்தாறு மாதத்தில் வயசுக்கு வந்துவிடும். ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டை போடும், பண்ணைக் கோழி போடுவது மாதிரி. ஒரு ஈட்டுக்கு 20 முதல் 70 வரைகூட. அந்த முட்டைகளை மண்ணைத் தோண்டிப் புதைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. தோண்டத் தகுந்த மண் கிடைக்காவிட்டால் வயிற்றுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வாள். அதிலேயே செத்துப் போகிற பச்சோந்திகள் நிறைய. வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். வாங்குகிற இடத்தில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, நிலாவின் நோட்டுதான் சொன்னது. அந்த நோட்டில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: "எந்த மாதிரி மண்?" அதற்குக் கீழே மூன்று விதமான பதில்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாமல்.

அப்ஹாவில் நாங்கள் ஐந்து நாள். முதல் நாள் அல் சூதா மலை. சுமார் 3,000 மீட்டர், நாட்டின் மிக உயரமான பகுதிகளில் ஒன்று. ஜூனிப்பர் மரங்கள் பச்சையும் சாம்பலுமாய் நிற்கின்றன. மேற்கே எட்டிப் பார்த்தால் தரை அப்படியே வெட்டிவிட்டது மாதிரி கீழே விழுகிறது. செங்கடல் பக்கத்துச் சமவெளி அங்கே எங்கோ புழுதிக்குள் இருக்கிறது. மலைச் சரிவெல்லாம் படிப்படியாய் வயல். கல் அடுக்கிக் கரை கட்டி, மழைத் தண்ணீரும் மண்ணும் ஓடிப் போகாமல் தேக்கி வைத்திருக்கிறார்கள். சில படிகளில் இன்னும் விவசாயம் நடக்கிறது, பல சும்மா கிடக்கின்றன.

பழைய அசீர் வீடுகளைப் பார்க்கணும். மண் சுவர்தான், ஆனால் சுவரில் வரிசை வரிசையாகப் பலகைக் கல்லைச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டிருப்பார்கள். மழை சுவரை அறுக்காமல் கல்லில் பட்டுச் சொட்டிவிடும். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு குட்டித் தாழ்வாரம் மாதிரி. உள்ளே போனால் சுவர் முழுக்கக் கோலம். உண்மையிலேயே எனக்குக் கோலம் என்றுதான் தோன்றியது: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலத்தில் கோடும் முக்கோணமும் புள்ளியும். அல்-கத் அல்-அசீரி என்று பேர். வீட்டுப் பெண்களின் கலை. 2017ல் யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வெளிச் சுவரைவிட உள்சுவரில்தான் இவ்வளவு அலங்காரமும். விருந்தாளி உட்காரும் அறையில் இன்னும் கூடுதல்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். அரீக்கா என்று ஒன்று தருவார்கள். கோதுமை ரொட்டியைச் சுடச்சுடப் பிசைந்து நடுவில் குழி செய்து நெய்யும் தேனும் ஊற்றுவது. நிலா மூன்று வேளையும் அதையே கேட்டாள். கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஹனீத் இருக்கிறது. தேன் வாங்காமல் திரும்பாதீர்கள், ஆனால் விலையைக் கேட்டதும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ரிஜால் அல்மா. சூதாவிலிருந்து கீழே இறங்குகிற சாலை வளைந்து வளைந்து, குகைப் பாதைகளுக்குள் புகுந்து போகிறது. கொல்லிமலை ஏறியவர்கள்கூடக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அரை மணி நேர இறக்கத்தில் சால்வைக் குளிரிலிருந்து வேர்வைக்கு வந்துவிட்டோம். கிராமம் என்கிறார்கள், ஆனால் நிற்பது ஐந்தாறு மாடிக் கல் வீடுகள், ஜன்னலைச் சுற்றி வெள்ளைக் கல் பதித்து. பூ வைத்த ஆண்களை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். துளசி மாதிரி வாசனை வீசும் இலையும் பூவும் கட்டிய வளையத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சாதாரணமாகக் கடைத்தெருவில் நடக்கிறார்கள். "பாட்டி பார்த்தா சந்தோஷப்படுவாங்க" என்று நிலா போட்டோ எடுக்க அனுமதி கேட்டாள். ஒருவர் தன் வளையத்திலிருந்தே ஒரு கிள்ளு கிள்ளி அவள் கையில் கொடுத்தார்.

எங்கள் காரோட்டி ஏமன்காரர். சித்தப்பாவோடு பாதி அரபி, பாதி உருது. சித்தப்பா அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். ஹிர்பா பார்க்கவா லண்டனிலிருந்து வந்தார்கள்? அரபியில் பச்சோந்திக்கு ஹிர்பா என்று பேர். அவர் ஊரில் அதைத் தொட மாட்டார்களாம், பயமாம். நம்மூரிலும் ஓணானைக் கண்டால் கல்லெடுக்கிற பையன்கள் பச்சோந்தியைக் கண்டால் தள்ளித்தானே நிற்பார்கள்.

கிராமத்துக்குக் கீழே ஒரு வாதி. மழை பெய்தால் ஆறு, மற்ற நாளில் கூழாங்கல். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. இரண்டு பக்கமும் கருவேல சாதி முள்மரங்கள். ஒரு மணி நேரம் தேடினோம். கணவர் கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் போகலாம் என்று வாயெடுத்தபோது காரோட்டி நாக்கால் "ட்ச்" என்றார். ஆள் உயரத்தில் ஒரு கிளை. நான் பார்த்தேன், இலைதான் தெரிந்தது. நிலா மட்டும் "கேஸ்க்!" என்றாள். தலையில் கொண்டை மாதிரி உயர்ந்த எலும்பு. அப்புறம்தான் கண், அப்புறம் கொறடு மாதிரிக் கிளையைப் பிடித்த கால். பெரிய ஆண். பின்னங்காலில் குதிமுள் தெரிந்தது, இந்த இனத்து ஆணுக்குக் குஞ்சிலேயே இருக்கிற அடையாளம். ஒரு கண் எங்களையும் ஒரு கண் கிளையையும் பார்த்தது. காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் அசைந்து அசைந்து கிளையின் அந்தப் பக்கம் போய்விட்டது. மொத்தம் நான்கு நிமிஷம் இருக்கும்.

அதற்குப் பிறகு ரெடிங்கில் இருக்கிற கூண்டை முன்பு பார்த்த மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணி வலைக் கூண்டு, நாலடி உயரம், உள்ளே செம்பருத்திச் செடி, மேலே புறஊதா விளக்கு. எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பிராணிக்கு ஒரு மரத்தின் அந்தப் பக்கம் என்று ஒன்று வேண்டும் என்பது அந்த வாதியில்தான் எனக்கு உறைத்தது. வள்ளி இங்கிலாந்திலேயே குஞ்சு பொரித்தவள், அவளைக் கொண்டு வந்து இங்கே விடவும் முடியாது, கூடாது. இருக்கிற இடத்தில் ஒளிந்துகொள்ள விடலாம். ஊருக்குத் திரும்பிய முதல் வாரமே கூண்டை ஜன்னலிலிருந்து நகர்த்தி, மூன்று பக்கமும் இலையால் மறைத்தோம்.

நிலா அதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தாள். பென்சில் பாக்ஸிலிருந்து 15 சென்டிமீட்டர் அடிக்கோலை எடுத்து, சித்தப்பாவின் டீ ஸ்பூனால் மரத்தடியில் தோண்டினாள். மேலே இரண்டு விரல்கடை புழுதி, சூடு. அதற்குக் கீழே ஈரம். அடிக்கோல் முழுக்க முழுகுகிற ஆழத்தில் கைவைத்தால் குளிர்ச்சி. பக்கச் சுவர் சரியவில்லை, தோண்டின வடிவத்தில் அப்படியே நின்றது. அவள் ஒரு பிடி எடுத்து அமுக்கினாள். கொழுக்கட்டை மாதிரிப் பிடித்து நின்றது. விரலால் தட்டியதும் உதிர்ந்தது. வெயிலுக்கும் மழைக்கும் நடுவில் ஆறேழு மாதம், சில சமயம் ஒன்பது மாதம் வரைகூட முட்டை உள்ளே கிடக்கணும். மேல்மண்ணில் போட்டால் ஒரு வாரத்தில் வெந்துவிடும். அதனால்தான் இவ்வளவு ஆழம் தோண்டுகிறாள் தாய் என்பது அந்தக் குழியைப் பார்த்தால் யாருக்கும் புரியும். சிவப்பு மைக் கேள்விக்குக் கீழே நிலா எழுதிக்கொண்டாள்: "ஈரம். நிற்கணும். உதிரணும். ஆழம்."

ஜூன் மாதம் வள்ளியின் நிறம் மாறியது. சாதாரணப் பச்சை கறுத்து, அதன் மேல் மஞ்சளும் நீலமுமாய்ப் புள்ளிகள். சமையலறைத் தராசில் 95 கிராம் இருந்தவள் 122. வயிற்றின் பக்கவாட்டில் கோலிக்குண்டுப் பை மாதிரி மேடு மேடாகத் தெரிந்தது. "வாயும் வயிறுமா இருக்கா. இதுல என்ன சந்தேகம்?" என்றார் அம்மா. ஆண் இல்லாமல் எப்படி என்பதை அவருக்கு விளக்கும் பொறுப்பை நிலா எடுத்துக்கொண்டாள். நானும் கணவரும் பாத்திரம் கழுவப் போய்விட்டோம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் அவள் பாட்டிக்கும் நடுவில் கரு, முட்டை, மாதவிலக்கு என்று முக்கால் மணி நேரப் பேச்சு. அந்தப் பேச்சை நான் எப்படி ஆரம்பிப்பது என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி ஏற்கெனவே தயார். 40 சென்டிமீட்டர் உயர பிளாஸ்டிக் டப்பா, வெளிச்சம் ஊடுருவாதது. குழந்தைகள் விளையாடுகிற கழுவிய மணலைத் தோட்டக் கடையில் மூட்டையாக விற்கிறார்கள், மலிவு. அதில் 25 சென்டிமீட்டர். கொஞ்சம் சுத்தமான தோட்ட மண், உரம் கலக்காதது. ஈரம்தான் தகராறு. கணவர் ஊற்றியதில் அடியில் தண்ணீர் தேங்கியது, பாதி மணலை மாற்றினோம். நிலா பிடித்துப் பார்த்து, "அசீர் மாதிரி இல்ல" என்றாள். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "தள்ளுங்க. புட்டுக்கு மாவு பிசிறுற பதம்தானே? கைய வச்சாத் தெரியும்." தெளித்துத் தெளித்துப் பிசிறினார். ஒரு பிடி எடுத்து நிலாவிடம் நீட்டினார். பிடித்தால் நின்றது, தட்டினால் உதிர்ந்தது. நாங்கள் 5,000 கிலோமீட்டருக்கு மேல் போய்த் தெரிந்துகொண்டதை அம்மா அடுக்களையில் வைத்திருந்தார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பச்சோந்தி இருந்தால், எந்த அளவுக் கணக்கையும் விட இந்தப் புட்டுப் பதத்தை நம்பலாம்.

அதற்கப்புறம் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் வெட்டுக்கிளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். எப்போதும் உச்சிக் கிளையில் இருப்பவள் கூண்டின் தரையில் அலைந்தாள், மூலையைப் பிறாண்டினாள். நேரம் வந்துவிட்டது. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, அவள் கண்ணில் படாமல் இருப்பது. தோண்டும்போது யாரையாவது பார்த்தால் குழியைப் போட்டுவிட்டு ஏறிவிடுவாள். எதிரி பார்த்த இடத்தில் எப்படி முட்டையிடுவது? மறுபடி மனசு வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். அதற்குள் முட்டை தங்கிவிடலாம். அம்மா தன் சுங்குடிப் புடவை ஒன்றைக் கொண்டு வந்து கூண்டைச் சுற்றிக் கட்டினார். மேலே விளக்கும் காற்றும் மட்டும் விட்டோம். பழைய போன் ஒன்றைப் புடவை இடுக்கில் செருகி, வேறு அறையிலிருந்து பார்க்கிற மாதிரி செய்தேன். வரவேற்பறையில் டிவி கிடையாது, ஓட்டம் கிடையாது. கணவரின் அலுவலக மீட்டிங் எல்லாம் மாடிப் படுக்கையறைக்குப் போயின.

முதல் நாள் மத்தியானம் முழுக்கத் தோண்டினாள். சாயங்காலம் வெளியே வந்து கிளைக்கு ஏறித் தூங்கிவிட்டாள். முட்டை இல்லை. இரண்டாம் நாள் இன்னொரு மூலையில் புதுக் குழி. தொட்டியின் அடிவரை போய்விட்டாள், போனில் வால் நுனி மட்டும் தெரிந்தது. விளக்கு அணைகிற நேரம் வந்தது, அவள் வெளியே வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் வரவில்லை. நிலா மாடிப்படியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். "அவ செத்துட்டாளா?"

காலையிலேயே ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போனில் பேசியிருந்தேன். அவர் சொன்னது தெளிவாக இருந்தது. குழிக்குள் ராத்திரி தங்குவது சகஜம். தோண்டுகிற தெம்பு இருக்கிறவரை விட்டுவிடுங்கள், தொட்டுப் பார்க்காதீர்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், கண் குழி விழுந்தால், தரையில் அசையாமல் கிடந்தால், கிளையைப் பிடிக்கக் கையில் வலு இல்லாவிட்டால், முக்கியும் ஒன்றும் வராவிட்டால், அன்றைக்கே கொண்டு வரணும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கால்சியமும் ஊசியும் கொடுத்துப் பார்ப்பார்கள். வழியில்லாவிட்டால் அறுவை சிகிச்சை. 120 கிராம் உடம்பில் அது சின்ன விஷயம் இல்லை. ஓட்டில் போகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்துதான் எடுக்கும். அதனால் முன்பே கால்சியம் குறைந்திருந்தால் முட்டையைத் தள்ளத் தசைக்கு வலு இருக்காது. வள்ளியின் பூச்சிகளுக்கு முதல் நாளிலிருந்தே நிலா கால்சியப் பொடி தூவி வந்திருக்கிறாள். புறஊதா விளக்கும் தேதி தவறாமல் மாற்றியிருக்கிறோம். அந்த ராத்திரி எனக்குக் கைகொடுத்த தைரியம் அவ்வளவுதான்.

தோண்டி எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கணவர் இரண்டு தடவை கேட்டார். அம்மா, "பிரசவ ரூம்குள்ள ஆம்பளைங்க எட்டிப் பார்க்கக் கூடாது, போய்ப் படுங்க மாப்பிள்ளை" என்றார். பிறகு நிலாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, நான் பிறந்த கதையைச் சொன்னார். அம்மாவுக்குத் தலைப்பிரசவம் மேலூரில், பாட்டி வீட்டில். இரண்டு நாள் வலி. பாட்டி யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை, வாசலில் கட்டில் போட்டுக் காவல் இருந்தாளாம். "அதுக்குத்தாண்டி அம்மா வீட்டுக்குப் போறது. வைத்தியம் பார்க்க இல்ல, வாசல்ல உட்கார ஒரு ஆள் வேணும்." இந்தக் கதையை அம்மா என்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. இரண்டு நாள் வலி என்பது எனக்குப் புதுச் செய்தி. படியின் கீழே இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ஏழே முக்காலுக்குப் போன் திரையில் ஒரு தலை. உள்ளே திரும்பி, முகம் வாசலைப் பார்க்க, வால் பக்கம் குழிக்குள்ளே இருக்க, அப்படித்தான் இடுவார்கள். யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பெறுவது. முட்டை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. உடம்பு ஒரு இழுப்பு இழுக்கும், நிற்கும், இழுக்கும். பதினொரு மணிக்கு மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். முன்காலால் இழுத்து, பின்காலால் மிதித்து, மேலே வந்து நின்று மறுபடி மிதித்து. இரண்டரை மணி நேரம் அந்த வேலை. மூடி முடித்தபோது அங்கே குழி இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இடுவதைவிட மூடுவதற்குத்தான் அவள் அதிகம் பாடுபட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

பிறகு மெதுவாக ஏறினாள். உடம்பெல்லாம் மண். பக்கவாட்டு மேடுகள் போய், தோல் தொங்கியது. இடுப்பெலும்பு தெரிந்தது. நிலா வெதுவெதுப்பான தண்ணீரைப் பனி மாதிரித் தெளித்தாள். செம்பருத்தி இலையில் சொட்டு திரண்டதும் வள்ளி வாயைத் திறந்து குடிக்க ஆரம்பித்தாள். குடித்தாள், குடித்தாள், பன்னிரண்டு நிமிஷம். சாயங்காலம் கால்சியம் தூவிய வெட்டுக்கிளி ஏழு. சைவ வீட்டில் வெட்டுக்கிளி டப்பாவைத் தொடவே மாட்டேன் என்றிருந்த அம்மா, "பச்சை உடம்புக்காரி, இன்னும் ரெண்டு போடு" என்றார். தராசில் 81 கிராம்.

மறுநாள், அவள் உச்சிக் கிளையில் இருக்கும்போது, தொட்டியை வெளியே எடுத்து ஸ்பூனால் தோண்டினோம். வெள்ளை நிறம், ரப்பர் மாதிரித் தோல், சுண்டுவிரல் நக அளவைவிடக் கொஞ்சம் பெரிது. 31. ஒரே குவியலாக, தொட்டியின் அடிமூலையில். கரு இல்லாத முட்டைகள் என்பதால் அடைகாக்கும் பெட்டி எதுவும் தேவையில்லை. நிலாவுக்கு அது தெரியும், இருந்தும் ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ரோஜாச் செடியடியில் புதைத்தோம்.

இதற்கு அப்புறம்தான் வீட்டில் உண்மையான சண்டை. அடுத்த ஈட்டைக் குறைக்கணும் என்றால் சாப்பாட்டைக் குறைக்கணும். தேறிய பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து பூச்சி போதும். வெயில் காயும் கிளையின் சூட்டையும் 29 டிகிரியிலிருந்து 27க்கு இறக்கணும். நிறையத் தின்று சூட்டில் இருக்கும் பெண், அத்தனையையும் முட்டையாக்கிவிடும், ஆயுசும் குறையும். நீண்ட நாள் வளர்த்தவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அம்மாவால் இதை ஏற்கவே முடியவில்லை. "பெத்த உடம்புக்கு அரை வயிறா? எந்த ஊரு நியாயம்?" ஒரு வாரம் நிலாவும் பாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. பூச்சி டப்பாவில் கணக்கு இடித்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. அசீர் மரத்தில் பார்த்த அந்த ஆண் எப்படி ஒட்டி உலர்ந்து இருந்தது என்று போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள் நிலா. அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இது காட்டுல ஓடியாடித் திங்குது. நம்ம பிள்ளை உட்கார்ந்த இடத்துல திங்குது. சரிதான்" என்றார். அதற்கப்புறம் கணக்கு சரியாக வந்தது.

செப்டம்பரில் அம்மா ஊருக்குப் போய்விட்டார். புடவை கூண்டின் பக்கத்தில் மடித்து இருக்கிறது. நம்மூர் முள்காட்டுப் பச்சோந்தியும் இப்படித்தான் மண்ணைத் தோண்டி இடும், இந்தியச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று நிலா போனில் பாட்டிக்குச் சொன்னாள். மேலூர்ப் பக்கம் சின்ன வயசில் பார்த்திருப்பதாக அம்மாவும் சொன்னார்.

அக்டோபரில் வள்ளி மறுபடி இட்டாள். ஒரே குழி, ஒரே நாள். 19. எண்ணி முடித்ததும் வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "மணல் பதம் யாரு பார்த்தா?"

"நிலா" என்று அனுப்பினேன்.